சிம்மில் கிளறிய பிளேடோ: உப்பு, ஈரம், சங்குப்பூ நீலம்

பிளேடோ, அதாவது பிள்ளைகள் பிசைந்து உருவம் செய்து விளையாடும் மாவை, வீட்டிலேயே கிளறும் குறிப்பு இது. முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் அதை மட்டும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகலாம். மைதா ஒரு கப், அதாவது 130 கிராம். தூள் உப்பு 80 கிராம், கால் கப்புக்குக் கொஞ்சம் கூடுதல். தண்ணீர் ஒரு கப், 240 மில்லி. சமையல் எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன், இல்லையென்றால் க்ரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புத் தூள் இரண்டு டீஸ்பூன். இதில் நானூறு கிராமுக்கு மேல் மாவு வரும். இரண்டு பிள்ளைகள் பெரிய சண்டை இல்லாமல் விளையாட அது போதும்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் வெளிநாட்டுக் குறிப்புகளில் கிட்டத்தட்ட எல்லாமே ஒரு கப் மைதாவுக்கு அரை கப் உப்பு என்கின்றன. மற்றவை எல்லாம் மேலே சொன்ன மாதிரியேதான். அந்த அளவில் கிளறியபோது இரண்டு விஷயங்கள் சரிப்படவில்லை. மாவை உருட்டும்போது விரலுக்கடியில் நறநறவென்று இருந்தது. அப்புறம் சென்னை மழைக்கால ஈரத்தில் டப்பாவைத் திறந்தால் மாவு வியர்த்துப்போய், தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. மைதாவைக் கூட்டிப் பார்த்தேன், எண்ணெயைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டும் உதவவில்லை. குற்றவாளி உப்பு.

கணக்குப் போட்டால் உடனே புரிந்துவிடுகிறது. நூறு மில்லி தண்ணீரில் ஏறக்குறைய 36 கிராம் உப்புதான் கரையும். சர்க்கரை மாதிரி சூடு ஏற ஏற அதிகம் கரையும் சரக்கு இல்லை இது, கொதிக்கிற தண்ணீரிலும் மூன்று நான்கு கிராம்தான் கூடும். ஆக, 240 மில்லியில் 86 கிராமுக்கு மேல் போட்டால் மிச்சம் மணலாக அப்படியே நிற்கும். அரை கப் தூள் உப்பு 140 கிராம் இருக்கும், அதில் ஐம்பது கிராமுக்கு மேல் கரையாத உப்பு. நறநறப்புக்குக் காரணம் அதுதான். கிளறும்போது கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிவிடும் என்பதால் நான் 80 கிராமில் நிறுத்திக்கொண்டேன். மாவில் உள்ள தண்ணீர் அப்போதும் உப்பால் நிரம்பித்தான் இருக்கிறது. அதனால் கெடாமல் இருப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, விரலுக்கு மட்டும் வழவழப்பு வந்துவிட்டது.

வியர்ப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதற்குக் கீழே போனால் விட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கடலோர ஊர்களில் சாயங்காலம் ஆனாலே அந்த எல்லையைத் தாண்டிவிடும். அதனால்தான் ஒரே மாவு மழைக்காலத்தில் வியர்க்கிறது, சித்திரை வெயிலில் மேலே வெள்ளைப் பொடி பூத்துக் காய்கிறது. கல் உப்பை அரைத்துப் போட்டால் இது இன்னும் மோசம். அதில் கலந்திருக்கும் மக்னீசிய உப்புகள் இன்னும் வறண்ட காற்றிலேயே ஈரம் இழுக்கும். கல் உப்பு ஜாடி நசநசத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே இந்த வேலைக்குப் பாக்கெட் தூள் உப்புதான் நல்லது.

இனி கிளறும் கதை. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மா, நான் தராசும் கையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, “கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறத் தெரிஞ்சவளுக்கு இது என்ன பெரிய வித்தையாட்டி? தராசை ஓரமா வை” என்றாள். அம்மா சொன்னது பாதி சரி. பதம் பார்க்கும் கண்ணும் கையும் அதேதான். ஆனால் கொழுக்கட்டைக்குக் கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டுவோம். இதில் எல்லாவற்றையும் பச்சைத் தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். மைதாவைக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டிவிடும், அப்புறம் எவ்வளவு பிசைந்தாலும் உள்ளே வெள்ளை முத்துகள் நிற்கும்.

முதலில் உப்பைத் தண்ணீரில் போட்டுக் கரைத்துவிடுங்கள். அடியில் எதுவும் தட்டுப்படாத அளவுக்குக் கரைய வேண்டும். பிறகு எலுமிச்சைச் சாறு, எண்ணெய், கடைசியில் சலித்த மைதா. கரைத்ததும் தோசை மாவைவிடத் தளர்வாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். பாத்திரம் நான்ஸ்டிக் அல்லது அடி கனமான எவர்சில்வர். அலுமினியச் சட்டி வேண்டாம், இவ்வளவு உப்பும் புளிப்பும் சேர்ந்தால் அதை அரித்துப் புள்ளி போட்டுவிடும். இரும்பு வாணலியும் வேண்டாம், மாவு சாம்பல் நிறத்துக்குப் போய்விடும்.

அடுப்பை சிம்மில் வைத்து, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் சட்டியின் அடியில், வழுக்கலாக ஒரு தோல் படியும். கரண்டி போகும் வழியில் அது சுருண்டு வரும். பார்த்தால் பால் திரிந்த மாதிரி திப்பி திப்பியாகத் தெரியும். இந்தக் கட்டத்தில்தான் பலர் பயந்து அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அணைக்கக் கூடாது. கோதுமை மாவில் உள்ள ஸ்டார்ச் 60 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் தண்ணீரைக் குடித்து வீங்க ஆரம்பிக்கும். இவ்வளவு உப்பு இருக்கும்போது அதற்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும். இன்னும் ஒன்றிரண்டு நிமிடத்தில் திப்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, மொத்தமும் கரண்டியைச் சுற்றி ஒரே உருண்டையாகத் திரளும். சட்டியின் ஓரம் சுத்தமாக விட்டுப்போகும். மேலே இருந்த ஈரப் பளபளப்பு அடங்கி, மங்கலாக ஆகும்.

அப்போதும் உடனே இறக்காமல் ஒரு சோதனை செய்வேன். மிளகு அளவுக்குக் கிள்ளி, ஆறியதும் இரு விரலுக்கு நடுவே உருட்டிப் பிரித்துப் பார்ப்பேன். விரலில் ஒட்டக் கூடாது, உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு தெரியக் கூடாது. ஒட்டினால் இன்னும் அரை நிமிடம் கிளற வேண்டும். இறக்கிய பிறகு ஒட்டுகிறதே என்று மைதாவைத் தூவிப் பிசைவதுதான் எல்லோரும் செய்வது. அந்த மாவு பச்சையாகவே உள்ளே நிற்கும். சீக்கிரம் வாடை வருவதும் அதனால்தான். பச்சை மாவில் கிருமிகள் இருக்க வாய்ப்பு உண்டு என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், சிடிசி, தொடர்ந்து எச்சரித்து வருகிறது. பச்சை மாவில் செய்த விளையாட்டு மாவையும் சேர்த்துத்தான் அந்த எச்சரிக்கை. அடுப்பில்லாமல் செய்யும் குறிப்புகளை நான் ஒதுக்கியதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவை இரண்டாம் நாளே ரப்பர் மாதிரி இழுக்க ஆரம்பித்துவிடுகின்றன.

இறக்கியதும் தட்டில் கொட்டி, கைபொறுக்கும் சூட்டில் நன்றாகப் பிசைய வேண்டும். முழுவதும் ஆறிய பிறகுதான் டப்பா. சூட்டோடு மூடினால் மூடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, அது சொட்டும் இடத்தில் பூஞ்சை பிடிக்கும்.

புளிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அது இல்லாமலும் மாவு வரும். ஆனால் வளைத்தால் ஓரத்தில் வெடிப்பு விடும், வழவழப்பு குறையும். க்ரீம் ஆஃப் டார்ட்டர் என்பது ஒயின் தயாரிக்கும் பீப்பாய்களில் படியும் உப்பு. டார்டாரிக் அமிலத்தோடு பொட்டாசியம் சேர்ந்தது. கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். நம் புளியின் புளிப்புக்கும் முக்கியக் காரணம் அதே டார்டாரிக் அமிலம்தான் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அதற்காகப் புளியைக் கரைத்து ஊற்றினால் மாவு பழுப்பாகிவிடும். யானை செய்யவும் மரத்தடி செய்யவும் அது பரவாயில்லை, மஞ்சளும் சிவப்பும் வேண்டுமென்றால் ஆகாது. எலுமிச்சை மலிவாக இருக்கும் நாளில் எலுமிச்சை, இல்லாத நாளில் அரை டீஸ்பூன் சிட்ரிக் அமிலத் தூள், இதுதான் என் வழக்கம்.

எண்ணெயில் ஒரே ஒரு எச்சரிக்கை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டையும் தவிர்க்கிறேன். மாவு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைக்கும் போகும், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று நமக்குத் தெரியாது. மணமில்லாத சூரியகாந்தி எண்ணெய் போதும். வெனிலா எசன்ஸும் சேர்ப்பதில்லை. வாயில் போடக் கூடாத ஒரு பொருளுக்குக் கேக் வாசனை கொடுத்துவிட்டு, “தின்னாதே” என்று பிள்ளையை மிரட்டுவதில் என்ன நியாயம்?

நிறத்துக்கு வருவோம். கடையில் விற்கும் சமையல் நிறங்களில், நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட எட்டுச் செயற்கை நிறங்களில் எது இருக்கிறது என்று லேபிளிலேயே எழுதியிருக்கும். கேசரி பவுடரும் அந்த வகையில் சேரும். லேபிள் இல்லாமல் பொட்டலம் கட்டித் தரும் சாயத்தைத் தொட வேண்டாம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும். அதில் கண்டுபிடித்தது துணிச்சாயமான ரோடமின் பி. குழந்தை மணிக்கணக்கில் கையில் வைத்துப் பிசையும் பொருளுக்கும் அதே ஜாக்கிரதை வேண்டும்.

அடுக்களையிலிருந்தே நிறம் எடுப்பதில்தான் எனக்கு அதிகம் நேரம் போனது. மஞ்சள்தூள் சுலபம், கால் டீஸ்பூன் போதும். ஆனால் துணியில் பட்டு, சோப்புப் போட்டீர்களானால் கறை செக்கச்செவேலென்று ஆகும். சோப்பின் காரத்தன்மை பட்டால் மஞ்சளின் குணம் அப்படி. அலறாமல் அலசி வெயிலில் காயப்போடுங்கள், ஒன்றிரண்டு வெயிலில் வெளுத்துவிடும். பீட்ரூட் சாற்றை அடுப்பில் ஊற்றிக் கிளறினால் பாதி நிறம் செத்து, மண் நிறத்தில் வரும். இறக்கிப் பிசையும்போது கெட்டிச் சாறாகச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் ரோஜா நிறம் நிற்கும். பச்சைச் சாறு சேர்ந்த மாவு என்பதால் அதை இரண்டு நாளைக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. கீரைப் பச்சை நமக்குச் சரிவராது. எலுமிச்சைப் புளிப்பில் பாசி நிறத்துக்கு இறங்கிவிடுகிறது.

எல்லாவற்றிலும் அருமையானது சங்குப்பூ. காய்ந்த பூக்களை வெந்நீரில் போட்டு, கருநீலமாக இறங்கியதும் வடிகட்டி, ஆறிய பிறகு அந்தத் தண்ணீரிலேயே மாவைக் கரைக்க வேண்டும். இதற்கு மட்டும் எலுமிச்சை வேண்டாம், க்ரீம் ஆஃப் டார்ட்டரும் வேண்டாம். புளிப்புப் பட்டால் நீலம் ஊதாவாகிவிடும். வெடிப்பு கொஞ்சம் கூடும், பரவாயில்லை, எண்ணெயை ஒரு டீஸ்பூன் கூட்டிக்கொள்ளலாம். கிளறி முடித்து ஆறியதும், மங்கலான மழைமேக நீலத்தில் வரும். என் மகளிடம் ஒரு உருண்டையும், பிழிந்து போட்ட எலுமிச்சை மூடி ஒன்றும் கொடுத்தேன். மூடியைக் கவிழ்த்து மாவில் அழுத்தி எடுத்தாள். எலுமிச்சைச் சதை பட்ட இடம் முழுக்க ஊதா வட்டம். ஓரத்தில் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு. “அம்மா, இதுக்கு அடிபட்டுடுச்சு” என்றாள். அப்புறம் சமையல் சோடாவை விரலில் தொட்டு வைத்ததும் பச்சையும் நீலமுமாக ஒரு திட்டு. அன்றைக்கு யாரும் பாம்பு செய்யவில்லை, இட்லி செய்யவில்லை. மாவு முழுவதும் புள்ளி புள்ளியாகி, வீட்டில் இருந்த எலுமிச்சையும் தீர்ந்தது.

இந்த மாவுக்கும் கடையில் விற்கும் பிளே-டோ என்ற பொம்மை மாவுக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டியில் இருந்த குடோல் என்ற நிறுவனம், சுவர்க் காகிதத்தில் படிந்த கரியை ஒத்தி எடுக்க மாவு, உப்பு, தண்ணீர் கலந்த ஒரு உருண்டையை விற்று வந்தது. வீடுகளில் கரி அடுப்புப் போட்டுக் குளிர்காய்ந்த காலம் அது. கரி போய் கேஸும் எண்ணெயும் வந்தன, தண்ணீரில் துடைக்கக்கூடிய வினைல் சுவர்க் காகிதமும் வந்தது. உருண்டைக்கு வேலை இல்லாமல் போனது. அந்தக் குடும்பத்து உறவினரான கே ஜூஃபால் என்ற மழலையர் பள்ளி ஆசிரியை அதைத் தன் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். 1956-இல் அது பொம்மையாகக் கடைக்கு வந்தது. குச்சி குச்சியாகக் கடையில் விற்கும் கிளே வேறு ஜாதி. அது எண்ணெயும் மெழுகும் சேர்ந்தது, அதனால் காயாது. நம் மாவு காயும். அதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிட்டால் மறுநாள் அழுகை குறையும்.

காய்ந்ததையும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஓரம் மட்டும் இறுகியிருந்தால், வெந்நீரில் கையை நனைத்து நனைத்துப் பிசைந்தால் போதும். பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றினால் வெளியே வழுக்கலும் உள்ளே கல்லுமாக நிற்கும். நடுவரை இறுகிவிட்டால், துண்டு துண்டாக்கி ஈரத்துணியில் சுற்றி, இரவு முழுக்க மூடி வைத்து, காலையில் அரை டீஸ்பூன் எண்ணெயோடு பிசைந்து பார்ப்பேன். வியர்த்த மாவுக்கு இதற்கு எதிர் வைத்தியம்: தட்டில் பரப்பி ஃபேனுக்கு அடியில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, சோளமாவை, அதாவது கார்ன்ஃபிளாரை, லேசாகத் தொட்டுப் பிசைய வேண்டும். மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் பயமில்லை, உள்ளே சேர்த்துப் பிசைந்துவிடலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு மாதிரி எழும்பியிருந்தால், புளித்த வாடை வந்தால், மீட்கவெல்லாம் நினைக்காமல் குப்பையில் போட வேண்டியதுதான். நல்ல நிலையில் இருப்பதையும் எங்கள் வீட்டில் மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. எத்தனை கைகள் பிசைந்த மாவு அது.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்றால், வைக்கலாம். வெளியே எடுத்ததும் குளிர்ந்த மாவின் மேல் தண்ணீர் கோக்கும். மழைக்காலத்தில் அது தலைவலி. ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்டிக் டப்பாவில், அலமாரியில் வைப்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

அச்சு வகைகளுக்குத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம். கொழுக்கட்டை அச்சு, பாட்டில் மூடி, சப்பாத்திக் கட்டை, சீப்பு, இவை போதும். இடியாப்ப அச்சு இருந்தால் திருவிழாதான். மர அச்சாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். பித்தளை முறுக்கு அச்சைக் கொடுத்தால், விளையாடி முடித்த அன்றைக்கே கழுவித் துடைத்துவிட வேண்டும். உப்பும் புளிப்பும் ஒரு ராத்திரி இருந்தாலே பச்சைக் களிம்பு பிடித்துவிடும். அந்த அச்சில் அப்புறம் யார் முறுக்குப் பிழிவது?

வாயில் வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் எல்லாத் தாய்மாரும் கேட்பது. என் அளவில் மாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உப்பு. பெரிய கோலிக்குண்டு அளவு, அதாவது பத்து கிராம் உருண்டையில் இரண்டு கிராமுக்குப் பக்கமாக உப்பு இருக்கும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நுனி நாக்கில் வைத்துத் துப்பும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, கரிப்பே காவல் காக்கும். உருண்டை உருண்டையாக விழுங்கினால் அது விளையாட்டில்லை, மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் நாய் இருந்தால் இன்னும் கவனம். உப்பு மாவைத் தின்று நாய்கள் உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போவதுண்டு.

எதையும் வாய்க்குக் கொண்டுபோகும் ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நான் இந்த மாவைக் கொடுப்பதில்லை. அவர்களுக்கு அம்மாவின் வழிதான் சரி: உப்பில்லாமல் கிளறிய கொழுக்கட்டை மேல்மாவு. ஒரு சாயங்காலம் விளையாடிவிட்டு அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட வேண்டும். தொண்டையில் அடைக்காமல் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாத பெரிய பிள்ளைகளுக்கு அரிசி மாவு ஒரு கப், சோளமாவு அரை கப், உப்பும் எண்ணெயும் புளிப்பும் அதே அளவு, தண்ணீரை ஒன்றேகால் கப்பில் தொடங்கி, பதம் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். மைதாவின் இழுவை இதில் இருக்காது. பாம்பு செய்தால் உடையும், இட்லியும் லட்டும் அழகாக வரும்.

கழுவும்போது சட்டியைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டுங்கள், வெந்நீர் ஊற்றினால் ஒட்டியது இன்னும் இறுகும். சுரண்டியதைச் சிங்க்கில் விடாமல் குப்பையில் போடுங்கள். போர்வையில் ஒட்டியதை ஈரத்தோடு தேய்க்க வேண்டாம். காயவிட்டு உதறி, பிரஷ்ஷால் தட்டினால் பெரும்பகுதி பொடியாக விழுந்துவிடும்.

பொங்கல் விடுமுறைக்கு அண்ணன் பிள்ளைகளும் வந்துவிட்டால் இந்த அளவு போதாது. அதற்காக இரட்டிப்பாக ஒரே சட்டியில் போடாதீர்கள். திரளும் நேரத்தில் அதைத் திருப்பக் கை வலு போதாது, அடி பிடித்துவிடும். இரண்டு ஈடாகக் கிளறுவதே மேல். முதல் ஈட்டில் எலுமிச்சை சேர்த்து மஞ்சளும் ரோஜாவும், இரண்டாவது ஈட்டில் எலுமிச்சை இல்லாமல் சங்குப்பூ. இரண்டையும் தனித்தனி டப்பாவில் போட்டு, வேறு வேறு நாளில் கொடுங்கள். ஒன்றாகக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் எல்லாம் ஒரே உருண்டையாகிச் சேற்று நிறத்துக்குப் போய்விடும், அதை யாராலும் பிரிக்க முடியாது.